'உங்களுக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம்' - சொல்ல வேண்டியது யார் கடமை?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புளோக்கில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். எதிர்வீட்டு அக்கா ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இங்கிலீசுல வந்திருக்கு. என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்தேன். காசநோய் கண்ட ஒருவரோடு அவர் நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்திருப்பதாகவும், இன்ன தேதியில் மருந்தகத்துக்கு வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "யார் அந்த ஆளு, பேரு போட்டிருக்கா?" என்றார். போடவில்லை. "பேரே சொல்லாம என்னை மட்டும் வரச் சொன்னா எப்படி? நான் போனா, எனக்குத்தான் சீக்குன்னு நாலு பேர் பேசுவாங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் மடியில் உட்கார்ந்திருந்தது, மூத்த மகனின் மூன்று வயதுப் பிள்ளை. பகல் முழுவதும் பேரனைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

அக்கா கேட்ட கேள்வி நியாயமானது. பெயரைச் சொல்லாமல் ஏன் அழைக்கிறார்கள்? நோய் கண்டவரே ஏன் வந்து சொல்லவில்லை? மருத்துவர் சொல்லக்கூடாதா? போகாவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

மூன்று படிகள்

சிங்கப்பூரின் தொற்றுநோய்ச் சட்டம் 1976ல் இயற்றப்பட்டு, 1977 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குப்பின் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. ஒருவருக்கு நோய் தொற்றியிருக்கலாம் என்ற செய்தி அவரை வந்தடைவதற்கு, பொதுவாக மூன்று படிகளைக் கடக்க வேண்டும்.

முதல் படி, மருத்துவர் அரசாங்கத்துக்குச் சொல்வது. பட்டியலில் உள்ள தொற்றுநோய் ஒன்றைக் கண்டுபிடிக்கும் மருத்துவரும், இரத்தத்தையோ சளியையோ சோதித்த ஆய்வுக்கூடமும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். நோயாளி சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. கால வரம்பு நோய்க்கு நோய் மாறும். சில நோய்களை உடனே தெரிவிக்க வேண்டும். டெங்கி, தட்டம்மை போன்றவற்றுக்கு 24 மணி நேரம். காசநோய்க்கும் எச்ஐவிக்கும் 72 மணி நேரம்.

இரண்டாவது படி, நோயாளி அதிகாரிகளுக்குச் சொல்வது. எங்கே போனீர்கள், யாரோடு இருந்தீர்கள், எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். இதற்குப் பொய் சொல்வதும் தெரிந்ததை மறைப்பதும் குற்றம்.

மூன்றாவது படி, அதிகாரிகள் தொடர்பில் இருந்தவர்களுக்குச் சொல்வது. எதிர்வீட்டு அக்காவுக்கு வந்த கடிதம் இந்த மூன்றாவது படியைச் சேர்ந்தது. அப்படி அழைக்கப்படுபவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவும், தேவைப்பட்டால் தனிமைப்படுத்தவும் சட்டம் அதிகாரம் தருகிறது. எழுத்துபூர்வமாக உத்தரவிட்ட பின்னும் காரணமின்றி மறுத்தால் வழக்குத் தொடரலாம்.

முன்பு சுகாதார அமைச்சு பார்த்துவந்த இந்தப் பணிகளை ஒருங்கிணைக்க, 2025 ஏப்ரல் 1 முதல் தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு ஒன்று செயல்பட்டு வருகிறது.

சார்ஸ் கற்றுக்கொடுத்தது

இந்தச் சட்டத்தின் முழு பலத்தையும் பொதுமக்கள் முதன்முதலாக உணர்ந்தது 2003ல். ஹாங்காங் சென்று திரும்பிய ஓர் இளம் மாது மார்ச் 1ஆம் தேதி டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அந்த நோய்க்குப் பெயர்கூட இல்லை. அவரைக் கவனித்த தாதியர், பார்க்க வந்த உறவினர், பக்கத்துப் படுக்கை நோயாளிகள் என்று அது பரவியது. நாட்டில் 238 பேருக்கு சார்ஸ் கண்டது. 33 பேர் உயிரிழந்தனர்.

அன்றைக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோயாளியோடு தொடர்பில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சொல்வதுதான் ஒரே ஆயுதம். ஏப்ரலில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் தொற்று தெரிந்ததும், சந்தையே மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்களும் காய்கறி எடுக்க வந்தவர்களுமாக ஈராயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்ற உத்தரவு போனது. உத்தரவு பெற்றவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேமரா வழியாகச் சரிபார்த்தார்கள். மீறியவர்களுக்கு மின்னணுப் பட்டை மாட்டினார்கள். அதே மாதம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கடுமையாக்கியது.

இன்னொரு பாடமும் அப்போது கிடைத்தது. கடையை மூடிவிட்டு வீட்டில் இரு என்று சொன்னால், வாடகையை யார் கட்டுவது? அந்தக் கவலை இருப்பவர் தொலைபேசியை எடுக்கவே தயங்குவார். அதனால்தான் கொவிட்-19 காலத்தில், தனிமைப்படுத்தும் உத்தரவு பெற்ற சுயதொழில் செய்வோருக்கும், ஊழியர்களை அப்படி இழந்த முதலாளிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி படித்தொகை வழங்கப்பட்டது.

பெயரை ஏன் சொல்வதில்லை?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். 2016 ஜூன் மாதம், அங் மோ கியோ அவென்யூ 3ல் உள்ள புளோக் 203ல் ஆறு பேருக்கு, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் இருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. நான்கு வீடுகளைச் சேர்ந்த அந்த ஆறு பேருக்கும் 2012க்கும் 2016க்கும் இடையில் வெவ்வேறு சமயங்களில் நோய் கண்டறியப்பட்டிருந்தது. அந்த புளோக்கில் வசிப்போருக்கும் முன்பு வசித்தோருக்கும் இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார்கள். புளோக் எண் ஊருக்கே தெரிந்தது. அந்த ஆறு பேர் யார் என்பதை அமைச்சு வெளியிடவில்லை.

காரணம் எளிது. பெயர் வெளியே போகும் என்று தெரிந்தால், அடுத்த ஆள் இருமலோடு மருந்தகத்துக்கு வரமாட்டார். வந்தாலும், யாரோடு பழகினேன் என்ற பட்டியலைக் கொடுக்கமாட்டார். பட்டியல் இல்லாவிட்டால் அக்காவுக்குக் கடிதமே வந்திருக்காது. பெயரை மறைப்பது நோயாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கிறோம். உண்மையில் அதனால் அதிகம் பாதுகாக்கப்படுவது அவரோடு பழகியவர்கள்தாம். நாளைக்கு நமக்கே நோய் கண்டால் நம் பெயரும் அதே போல் காக்கப்படும்.

அவமானத்துக்குப் பயந்து மறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொவிட் காலத்து வழக்கு ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் தொற்று உறுதியான மூத்த மாது ஒருவர், ஆண் நண்பர் ஒருவரைப் பலமுறை சந்தித்ததை அதிகாரிகளிடம் சொல்லாமல் மறைத்தார். வெளியே தெரிந்தால் இல்லாததும் பொல்லாததும் பேசுவார்கள் என்ற அச்சம். கார் நிறுத்துமிடப் பதிவுகளும் மற்றத் தடயங்களும் இருக்கும் காலத்தில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? 2021 ஏப்ரலில் அவருக்கு 5 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

கணவன் சொல்லாவிட்டால்?

இனி, இந்தச் சட்டத்தின் மிகக் கடினமான பகுதி. காசநோய் பற்றிய கடிதத்தில் பெயர் இல்லாமல் சமாளிக்கலாம். எச்ஐவி விஷயத்தில், "உங்களுக்குத் தொற்றியிருக்கலாம்" என்று ஒரு மனைவியிடம் சொன்னாலே, யாரிடமிருந்து என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

இங்கே சட்டம் முதலில் நோயுள்ளவரிடமே பொறுப்பைக் கொடுக்கிறது. தமக்கு எச்ஐவி இருப்பதை அறிந்தவர், உடலுறவுக்கு முன் எதிரில் இருப்பவரிடம் அந்த ஆபத்தைச் சொல்லி, அவர் தெரிந்தே சம்மதிக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. 2008ல் செய்த திருத்தம் இதை இன்னும் விரிவாக்கியது. பரிசோதனை செய்துகொள்ளாவிட்டாலும், தமக்குத் தொற்றியிருக்கலாம் என்று நினைக்கக் காரணம் உள்ளவர்களும் அதற்குள் வந்தார்கள். இவர்கள் ஆபத்தைச் சொல்ல வேண்டும், அல்லது பரிசோதித்துத் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், அல்லது தகுந்த பாதுகாப்பைக் கடைப்பிடிக்க வேண்டும். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தக் கடுமைக்கு எதிர்ப்பும் இருந்தது. பரிசோதனை செய்துகொண்டால்தானே சிக்கல் என்று சிலர் ஒதுங்கிவிடுவார்கள் என்று எச்ஐவி உள்ளோருடன் பணியாற்றுபவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இதற்கிடையில் மருத்துவமும் முன்னேறியது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமியைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியானது. அதை ஏற்று 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. குறைந்தது ஆறு மாதம் அந்த நிலையில் இருந்து, சிகிச்சையையும் விடாமல் தொடர்பவர், இனிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குச் சட்டமே ஒரு நிம்மதியைத் தருகிறது.

சரி, ஒருவர் மருந்தும் சாப்பிடவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை என்றால்? இங்குதான் மருத்துவரின் நிலை இக்கட்டானது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர் தொழிலின் அடிப்படை. எச்ஐவி உள்ளவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தனியாகத் தடுக்கிறது. ஆனாலும் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நான்கு நிபந்தனைகள் நிறைவேறினால், மருத்துவர் தாமாகவோ சுகாதார அதிகாரி வழியாகவோ கணவன், மனைவி, முன்னாள் துணை அல்லது தொடர்பிலிருந்த வேறொருவரிடம் சொல்லலாம்.

ஒன்று, அவருக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும். சொல்வது மருத்துவ ரீதியாகப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். இரண்டு, துணையிடம் சொல்ல வேண்டிய அவசியத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்லி ஆலோசனை வழங்கியிருக்க வேண்டும். மூன்று, அதன் பிறகும் அவர் சொல்லப்போவதில்லை என்று மருத்துவர் நம்பக் காரணம் இருக்க வேண்டும். நான்கு, "நான் சொல்லப்போகிறேன்" என்று நோயாளியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். இந்த வரிசையைக் கவனியுங்கள். நோயாளிக்கு முதலில் வாய்ப்பு கொடுக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் எதுவும் நடப்பதில்லை.

ஊரில் இருக்கும் மனைவி

நம்மிடையே தமிழகத்திலிருந்து வந்து வேலை செய்யும் சகோதரர்கள் ஏராளம். அவர்களின் மனைவிமார் ஊரில் இருக்கிறார்கள். அங்கே நடப்பில் இருப்பது இந்தியச் சட்டம்.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு இதில் முக்கியமானது. உறவினரின் சிகிச்சைக்காக இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்ஐவி இருப்பது அங்குள்ள மருத்துவமனையில் தெரியவந்தது. செய்தி வெளியே போய், நிச்சயமாகியிருந்த அவருடைய திருமணம் நின்றது. இரகசியத்தை வெளியிட்டதற்காக அவர் இழப்பீடு கேட்டார். 1998ல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிரும் உடல்நலமும் இரகசியத்தைவிட முக்கியம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பின்னர் 2017ல் இந்தியா எச்ஐவிக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2018 செப்டம்பர் 10ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. அங்கும் ஏறத்தாழ இதே நிபந்தனைகளோடுதான் துணைக்குத் தெரிவிக்கலாம். ஆனால் ஒரு நல்ல பாதுகாப்பையும் சேர்த்திருக்கிறார்கள். நோய் உள்ளவர் பெண்ணாக இருந்து, தெரிந்தால் கணவன் அடிப்பான் அல்லது கைவிடுவான் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், அவர் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையைச் சட்டம் அவர்மேல் சுமத்தவில்லை. செய்தியைச் சொல்வதாலேயே ஒருவருக்குத் தீங்கு நேரலாம் என்பதை அந்தச் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

கடல் தாண்டி வேலைக்கு வந்தவர், விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதே வீட்டில் இருப்பவருக்குச் செய்யும் பெரிய உதவி. பெயர் கொடுக்காமலே எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள சிங்கப்பூரில் வசதி இருக்கிறது.

மருத்துவமனையிலேயே தொற்றினால்?

சொல்ல வேண்டிய கடமை தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று. 2015ல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் ஹெப்படைட்டிஸ் சி தொற்று பரவியது. மொத்தம் 25 பேர் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. தொற்று வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை ஆண்டின் நடுப்பகுதியிலேயே மருத்துவமனை கவனித்திருந்தது. அமைச்சுக்கு முறையாகத் தெரிவித்தது ஆகஸ்ட் இறுதியில். பொதுமக்களுக்கு அறிவித்தது அக்டோபர் 6ஆம் தேதி. அதன் பிறகே அந்தப் பிரிவில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள்.

பேராசிரியர் லியோ யீ சின் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு டிசம்பரில் அறிக்கை தந்தது. வேண்டுமென்றே தாமதித்ததாக ஆதாரம் இல்லை என்றது. ஆனால் தொற்றுத் தடுப்பில் குறைகள் இருந்ததையும், இப்படிப்பட்ட அசாதாரணப் பரவல் வந்தால் யார் முடிவெடுப்பது, யாரிடம் கொண்டுபோவது என்பது தெளிவாக இல்லாததையும் சுட்டிக்காட்டியது. மருத்துவர் தனித்தனி நோயாளியைத் தெரிவித்தால் மட்டும் போதாது. பத்துப் பேருக்கு ஒரே நோய் ஒரே அறையில் வந்தால் அதைச் சேர்த்துப் பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

கொடுத்த தகவல் கசிந்தால்?

நோயாளி நம்பிக் கொடுக்கும் பட்டியல் பத்திரமாக இருக்கிறதா? 2019 ஜனவரியில் அந்த நம்பிக்கைக்குப் பலத்த அடி விழுந்தது. எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் சட்டவிரோதமாக வெளியிடப்பட்டதை அமைச்சு தெரிவித்தது. அவர்களோடு, தொடர்புத் தடமறிதலில் அடையாளம் காணப்பட்ட 2,400 பேரின் விவரங்களும் கசிந்திருந்தன. நோயே இல்லாமல், பட்டியலில் இருந்த காரணத்துக்காக வெளிச்சத்துக்கு வந்தவர்களும் அதில் அடங்குவர் அல்லவா?

கொவிட் காலத்தில் 'டிரேஸ்டுகெதர்' செயலியைக் கொண்டுவந்தபோது, தகவல் தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்றார்கள். குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அதைப் பெறமுடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டதும் மக்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த மாதமே சட்டம் இயற்றி, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று எல்லை போட்டார்கள். 2023 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. தகவல் கேட்பவர், அதை எதற்குப் பயன்படுத்துவோம் என்று முதலிலேயே முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

மலேசியாவில் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. அதில் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவர் மட்டுமின்றி, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் அந்தச் சட்டம் கடமை விதிக்கிறது. வீட்டில் தொற்றுநோய் இருப்பது தெரிந்தால், அருகிலுள்ள சுகாதார அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும். கிராமத் தலைவரிடம் சொன்னாலும் போதும். தோட்டப்புறங்களையும் கம்பங்களையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது.

2020 ஜூலையில் தமிழகத்தின் சிவகங்கையிலிருந்து கெடாவுக்குத் திரும்பிய நாசி கண்டார் கடை உரிமையாளர் ஒருவர், வீட்டில் தனித்திருக்கும் உத்தரவை மீறிக் கடைக்குச் சென்றார். அவரிடமிருந்து தொடங்கிய பரவலுக்கு 'சிவகங்கா' என்றே பெயர் வைத்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தவறு தவறுதான். ஆனால் ஒரு மனிதரின் தவறு, ஓர் ஊரின் பெயராகவே செய்தித்தாள்களில் வலம் வந்ததைப் பார்த்தபோது, அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட பலருக்கும் மனம் வருந்தியிருக்கும்.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

முதலில், அதில் உள்ள தொலைபேசி எண் உண்மையானதா என்று அமைப்பின் பொது எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். மோசடிக்காரர்கள் நிறைந்த காலம் இது. பிறகு தள்ளிப்போடாமல் போங்கள். காசநோயைப் பொறுத்தவரை, இரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ செய்வார்கள். தேவைப்பட்டால் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருந்தால் அது மற்றவருக்குப் பரவாது. வேலைக்குப் போகலாம், பிள்ளையைக் கொஞ்சலாம். சில மாதம் மருந்து சாப்பிட்டால், பின்னாளில் அது நோயாக மாறும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் நோயாகவே மாறியிருந்து கவனிக்காமல் விட்டால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகக்கூடியது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அன்று அக்காவிடம் சொன்னேன். சட்டம், அபராதம் எதையும் பேசவில்லை. மடியில் இருந்த பேரனைப் பார்த்தார். "நாளைக்கு நீங்க கூட வர்றீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். போனோம். அவர் உடலில் கிருமி உறக்கநிலையில் இருந்தது, நோயாக மாறவில்லை. சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். மகளின் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "அந்த ஆளு யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலையே" என்றார். பிறகு அவரே, "யாரா இருந்தா என்ன, என் பேரைச் சொன்னாங்களே, அது போதும்" என்று சொல்லி, என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார்.